கட்டுப் பிரித்த கையும் ரொட்டி மாவும்

பர்வதத்துக்குச் சமைக்கத் தெரியாது என்பது அமெரிக்காவில் ஆலன் நகரத்துத் தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவளே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு சொல்லுவாள். கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் படித்து, டெக்ஸஸுக்கு வந்து சேர்ந்தவள். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் டேட்டாபேஸ்களையெல்லாம் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே கட்டி மேய்க்கிறாள். கீழே அடுப்பைக் கட்டி மேய்ப்பவர் அவள் கணவர் சேனாபதி.

சேனாபதிக்கும் ஆபீஸ் வேலைதான். ஆனால் பேச்சிலராக இருந்த காலத்திலேயே கரண்டி பிடித்தவர். கல்யாணமான மறுவாரம் பர்வதம் வைத்த ஒரு சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "நீ வேலைக்குப் போ அம்மிணி, இதை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னார். அவளும் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அடுக்களை அவர் ராஜ்ஜியம். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கொக்கி. மாற்றி மாட்டினால் அன்றைக்கு வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். அவர்களுடைய ஒரே மகள் தென்றல், ஹைஸ்கூல் படிப்பவள், தண்ணீர் குடிக்கக்கூட அப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் தம்ளரை எடுப்பாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் டென்னிஸ் மாதிரி மட்டையால் பந்தடிக்கிற பிக்கிள்பால் ஆட்டம் புகுந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த பார்க்கில் சனிக்கிழமை காலையில் நம்மவர்கள் நாலைந்து குடும்பம் மட்டையும் கையுமாகக் கூடுவார்கள். மே மாதத்தில் ஒரு நாள், தலைக்கு மேலே போன பந்தைப் பின்பக்கமாகவே ஓடி எடுக்கப் போனாள் பர்வதம். கால் பின்னிக்கொண்டது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரில் வலி பொறுக்காமல் கண்ணில் தண்ணீர் வழிய அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஏனுங்க, பந்து கோட்டுக்கு வெளியதான் விழுந்துச்சு. பாயிண்ட் நமக்குத்தான். அவங்க மாத்திச் சொன்னா ஒத்துக்காதீங்க."

கை கட்டுக்குள் போனது. என்ன கலர் கட்டு வேண்டும் என்று நர்ஸ் கேட்டபோது, கண்ணைப் பறிக்கிற ரோஸ் கலரைக் காட்டினாள். அந்தக் கட்டோடு வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்து இடது கையால் மவுஸ் பிடித்தாள். தலைவாரி விட மகள் இருந்தாள். பட்டன் போட்டுவிடக் கணவர் இருந்தார். எல்லாவற்றையும் சமாளித்தாள். ஒன்றைத்தான் சமாளிக்க முடியவில்லை.

சாப்பாடு. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு ரசம் சாதத்தைச் சாப்பிடுவதா? தட்டில் கிடப்பது சோறு மாதிரியே இல்லை அவளுக்கு. ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருந்தது. சேனாபதி பார்த்துப் பார்த்துச் செய்த அரிசியும்பருப்புச் சாதத்தைக்கூடப் பாதியில் தள்ளி வைத்தாள். அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"உப்புக் கம்மியா?"

"உப்பெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. கையில பெசையாம சாப்ட்டா எனக்கு ருசியே தெரியல."

கட்டைப் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பிரித்த அன்று உள்ளே இருந்து வெளியே வந்த கையைப் பார்த்து மலைத்துப் போனாள். மெலிந்து, தோல் உரிந்து, வாடின முருங்கைக்காய் மாதிரி இருந்தது. விரலை மடக்கச் சொன்னார்கள். விரல்கள் கேட்கவில்லை. கதவுக் குமிழைத் திருப்ப முடியவில்லை. கட்டை விரலும் மோதிர விரலும் ஒன்றையொன்று தொடமாட்டேன் என்றன.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டெனிஸ் என்று ஒரு பெண்மணி. வெள்ளைக்காரி, ஓங்குதாங்கான உடம்பு, வார்த்தைக்கு வார்த்தை "ஹனி" போடுகிறவள். முதல் நாளே கேட்டாள்: "இந்தக் கை சரியானதும் நீ முதலில் என்ன செய்ய ஆசைப்படுகிறாய்? சிலர் கோல்ஃப் என்பார்கள், சிலர் கிடார் என்பார்கள். உனக்கு என்ன?"

"கையால சாப்பிடணும்," என்றாள் பர்வதம் ஆங்கிலத்தில்.

ஃபோர்க் பிடிப்பதைச் சொல்கிறாள் என்று டெனிஸ் நினைத்துக்கொண்டாள். இல்லை, வெறும் கையால் என்று பர்வதம் விளக்கினாள். டெனிஸுக்குப் பிடிபடவில்லை. பயிற்சிக்கு வைத்திருந்த பச்சைக் களிமண் மாதிரியான உருண்டையை அவள் முன்னால் வைத்து, "செய்து காட்டு, பார்க்கலாம்" என்றாள். பர்வதம் இடது கையால் காட்டினாள். விரல் நுனியால் கூட்டி, அழுத்திப் பிசைந்து, ஒரு கவளம் திரட்டி, கட்டை விரலால் உள்ளே தள்ளுவது வரை. டெனிஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"ஹனி, நான் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி அத்தனையும் இந்த ஒன்றிலேயே இருக்கிறது!"

அந்தப் பச்சை உருண்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பர்வதம் மீட்டிங் நேரத்தில் அதைப் பிசைந்துகொண்டிருப்பாள். சைக்கிள் டியூப் நாற்றம் அடித்தது. எவ்வளவு பிசைந்தாலும் அது அதுவாகவே இருந்தது. இரண்டாவது வாரம் டெனிஸிடம் புகார் சொன்னாள்.

"அப்படியென்றால் ரொட்டி சுடு," என்றாள் டெனிஸ். "ரொட்டி மாவு முதலில் கொழகொழவென்று இருக்கும், பலமில்லாத கைக்கும் வளையும். பிசையப் பிசைய அது இறுகும், கையும் இறுகும். முடிவில் ரொட்டியும் கிடைக்கும்."

பர்வதம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். சேனாபதி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"ரொட்டியா? நீயா?"

"நாந்தான்."

"சப்பாத்தி மாவு வேணா பெசஞ்சு குடு. பக்கத்துல நின்னு நான் பாத்துக்கறேன்."

"சப்பாத்தி உங்க டிபார்ட்மென்ட். நான் வந்தா இங்க தண்ணி ஜாஸ்தி, அங்க மாவு கம்மின்னு சொல்லிட்டே இருப்பீங்க. பிரெட்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல முடியாது."

நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. மேடையில் சிங்க்குக்குப் பக்கத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். மாவு அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை.

முதல் ரொட்டி சுட்ட அன்று மூன்று பேரும் ஓவன் முன்னால் நின்றார்கள். போன அளவிலேயே திரும்பி வந்தது அது. ஈஸ்ட்டைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்தால் அது செத்துப்போகும் என்பது பர்வதத்துக்கு அப்போது தெரியாது. தென்றல் அதை மேடையில் தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது.

"அம்மா, இட்ஸ் எ ராக்."

சேனாபதி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "வீசாத அம்மிணி. கராஜ் கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றார். பர்வதம் அவர் முதுகில் இடது கையால் ஒன்று வைத்தாள். மூன்று பேரும் சிரித்தது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் சேனாபதி அடுத்த தெருவில் யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய சாமான்களிலிருந்து ஒரு பிரெட் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்டாட்டி நொடிந்த கையோடு மாவோடு மல்லுக்கட்டுகிறாளே என்ற கரிசனம். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் எல்லாவற்றையும் போட்டு மூடி பட்டனை அமுக்கினால் போதும். அதுவே பிசைந்து, அதுவே பொங்கவிட்டு, அதுவே சுட்டுக் கொடுக்கும். கொடுக்கவும் செய்தது. மெத்தென்ற ரொட்டி. அடியில் மட்டும் மாவு பிசைகிற துடுப்பு மாட்டிக்கொண்டு, பிடுங்கினால் ஒரு குழி விழுந்தது. தென்றல் சூடாக வெண்ணெய் தடவி நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு, "திஸ் இஸ் அமேஸிங், அப்பா!" என்றாள்.

பர்வதத்துக்கு ஒரு மிஷின் மேல் பொறாமை வந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"அடியில எவ்வளவு பெரிய பொந்து பாருங்க," என்றாள் உதட்டைச் சுழித்துக்கொண்டு.

"பொந்தை யாரு திங்கறா?" என்றார் சேனாபதி.

அவள் விடவில்லை. மிஷின் ஒரு பக்கம் ஓடட்டும், நான் ஒரு பக்கம் பிசைகிறேன் என்று வரிந்து கட்டினாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் கீழே இறங்கி வருவாள். ஒரு பாத்திரத்தில் மாவைக் கூட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, இடது கையால் பிசைவாள். வலது கை சும்மா ஒத்தாசைக்கு மேலே கிடக்கும். கொஞ்ச நாளில் ஒத்தாசைக்கு வந்த கை ஒரு விரலை மடக்கியது. பிறகு இன்னொன்றை. மாவு விரலிடுக்கில் பிதுங்கி வரும்போது கூச்சமாகவும் சுகமாகவும் இருக்கும். அந்தப் பச்சை உருண்டை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குள் ஏசி குளிரில் மாவு பொங்க நேரமெடுக்கிறது என்று அவளாகவே ஒரு யோசனை செய்தாள். ஜூலை மாதத்து டெக்ஸஸ் கராஜ் நெருப்பில்லாத அடுப்பு. பாத்திரத்தைக் கொண்டுபோய் அங்கே ஷெல்ஃபில் வைத்துவிட்டு மேலே வந்தாள். அந்த நேரம் பார்த்து கம்பெனியில் ஒரு சர்வர் படுத்துக்கொண்டது. அதை எழுப்பி உட்கார வைத்துவிட்டு அவள் கீழே வந்தபோது மாவு பாத்திரத்தை விட்டுக் கிளம்பிப்போய்விட்டிருந்தது. ஷெல்ஃபிலிருந்து தொங்கி, சேனாபதி அன்றைக்குத்தான் கழுவித் துடைத்து நிறுத்திய கார் பானெட்டின் மேல் இறங்கியிருந்தது. காரும் சூடு. மாவு ஓரத்தில் லேசாக வெந்தும் இருந்தது.

சேனாபதி வந்து பார்த்தார். குனிந்து வெந்த ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"உன்ற ஈஸ்ட் இன்னிக்கு உசுரோடதான் இருக்குது அம்மிணி," என்றார் அவர்.

இரண்டு பேருமாகத் தோசைத் திருப்பியால் காரைச் சுரண்டினார்கள். அது எந்தக் கொக்கிக்குரிய திருப்பி என்று அவர் அன்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொள்ளு ரசம். பர்வதம் ஸ்பூனை எடுக்கப் போனவள், என்ன தோன்றியதோ, அதைத் தள்ளி வைத்துவிட்டு வலது கையைத் தட்டில் வைத்தாள். சோற்றைக் கூட்டினாள். விரல்கள் நடுங்கினாலும் மடங்கின. மாவைத் திரட்டுகிற அதே தினுசில் ஒரு கவளத்தைத் திரட்டி வாயில் போட்டாள். பாதி மடியில் விழுந்தது. மீதிப் பாதியை மென்றபடி கண்ணை மூடிக்கொண்டாள். சேனாபதி பரிமாறுவதை நிறுத்திவிட்டார்.

"எப்புடி இருக்குது?"

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றாள் அவள். அன்று மூன்று தடவை சோறு வாங்கினாள். அவர் சாப்பிடாமலே வயிறு நிறைந்தவர் போலச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை டெக்ஸஸில் தெருவுக்குத் தெரு ஜனங்கள் வெளியே வந்து சேர்ந்து சாப்பிடுகிற நாள். போலீஸ்காரர்களும் தீயணைப்பு வண்டிக்காரர்களும் ஓர் எட்டு வந்து தலை காட்டிவிட்டுப் போவார்கள். இவர்கள் தெருவில் அதற்கு ஏற்பாடு செய்பவர் எதிர் வீட்டு ஜெயபிரகாஷ். மதுரைக்காரர். வழக்கம்போலக் கதவைத் தட்டி, "அண்ணே, உங்க லெமன் ரைஸ்தானே? போட்டுக்கிறேன்" என்றார்.

சேனாபதி தலையாட்டுவதற்குள் பின்னாலிருந்து பர்வதத்தின் குரல் வந்தது.

"இந்தத் தடவை நாங்க பன்னு கொண்டு வர்றோமுங்க. உருளைக்கிழங்கு மசால் வெச்ச பன்னு."

ஜெயபிரகாஷ் அவளைப் பார்த்தார், பிறகு சேனாபதியைப் பார்த்தார். "கடையில வாங்கியா?"

"வீட்டுல சுட்டு."

கதவைச் சாத்தியதும் சேனாபதி மெதுவாகக் கேட்டார். "தெருவுக்கே பன்னா? உன்ற கை தாங்குமா?"

"மிஷின் எதுக்கு இருக்குது? அது பாதி, நான் பாதி. மசால் நீங்க."

மசால் தன் பொறுப்பு என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டாள். மிஷினில் மாவை நிரப்பி ஓடவிட்டாள். நிறைய ஆகட்டும் என்று கூடுதலாகவே நிரப்பியிருந்தாள். மாவு கெட்டி. மிஷின் திணறித் திணறி, குலுங்கிக் குலுங்கிப் பிசைந்துகொண்டிருந்தது. மாடியில் விட்ட லேப்டாப்பை அணைத்துவிட்டு வரலாம் என்று பர்வதம் போயிருந்த நேரத்தில், அந்தக் குலுக்கலிலேயே அது மேடையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்திருக்கிறது. திடுமென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் மிஷின் தரையில் மல்லாக்கக் கிடந்தது. மூடி ஒரு மூலையில், துடுப்பு உடைந்து இன்னொரு மூலையில், மாவு நடுவில்.

சேனாபதி ஆபீஸிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்தபோது அவள் தரையைத் துடைத்து முடித்திருந்தாள். அவர் மிஷினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, வுடு. கடையில பன்னு வாங்கிட்டு வந்து மசாலை வெச்சுக் குடுத்துரலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமல்லங்க."

"அப்ப நான் பெசஞ்சு தர்றேன், தள்ளு."

"நீங்க கிழங்கை உரிங்க," என்றாள் பர்வதம். புடவையாக இருந்தால் இழுத்துச் செருகியிருப்பாள், டி-ஷர்ட் கையைத்தான் மேலே ஏற்றிவிட முடிந்தது. மாவை மேடையில் கொட்டிக் குழி பறித்துத் தண்ணீரை விட்டாள். ஒதுக்கிக் கொடுத்த மூலை போதவில்லை. மாவு எல்லையைத் தாண்டி அடுப்பு வரைக்கும் போனது. சேனாபதி தன் கிழங்குத் தட்டை ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

அவள் பிசைந்தாள். முன்னால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி முன்னால் தள்ளி. அவர் கடுகு தாளித்தார். வெங்காயம் வதங்குகிற வாசனையும் ஈஸ்ட் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வீட்டை நிறைத்தன. முதலில் கையெல்லாம் ஒட்டின மாவு மெல்ல மெல்ல ஒட்டுவதை விட்டு, வழவழவென்று திரண்டு, அமுக்கினால் திருப்பி அமுக்க ஆரம்பித்தது. அவள் ஊரில் சின்ன வயதில் கேட்ட ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலிலிருந்து வந்த தென்றல் பையைக்கூட இறக்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அம்மா... யூ ஆர் யூஸிங் யுவர் ரைட் ஹேண்ட்."

பர்வதம் குனிந்து பார்த்தாள். ஆமாம். எப்போதிருந்து என்று அவளுக்கே தெரியவில்லை. வலது உள்ளங்கையின் அடிப்பாகம்தான் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தது. இடது கை ஒத்தாசைக்கு நின்றுகொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கை யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று பயம். சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தித் தள்ளினாள்.

அன்று சாயங்காலம் தெருவின் நடுவில் மேசை போட்டிருந்தார்கள். பன் கொஞ்சம் கோணலும் மாணலுமாகத்தான் இருந்தது. சிலதில் மசால் வாயைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தது. ஆனால் சூடாக இருந்தது. முதல் தட்டு வைத்த வேகத்தில் காலியானது. தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கின ஒரு நெட்டைக்காரர் ஒன்று சாப்பிட்டுவிட்டு, வண்டியில் இருப்பவர்களுக்கு என்று கை நிறைய எடுத்துக்கொண்டு போனார். ஜெயபிரகாஷ் மூன்றாவதை மென்றபடி, "அண்ணே, பிரமாதம்ணே! உங்க கைப்பக்குவமே தனி" என்று சேனாபதியின் தோளில் தட்டினார்.

"என்ற சம்சாரம் பண்ணது இந்தப் பன்னு," என்றார் சேனாபதி உரக்க, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி. "மிஷின்ல இல்ல. கையில."

"உள்ள இருக்கற மசால் அவருதுங்க," என்றாள் பர்வதம்.

"மசால் என்ன மசால். அதை யாரு வேணா பண்ணலாம்."

மசாலைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டுத் தென்றலுக்குக் குடித்த சோடா புரையேறியது.

டெனிஸிடம் கடைசியாகப் போன அன்று பர்வதம் ஒரு முழு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். டெனிஸ் அதை முகர்ந்து பார்த்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்து, இனி நீ இங்கே வர வேண்டாம், ரொட்டி மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு ராத்திரிக்குள் வடக்கேயிருந்து குளிர் இறங்கியது. முந்தின நாள் அரைக்கால் சட்டையோடு திரிந்த ஊர் மறுநாள் கம்பளியில் புகுந்துகொண்டது. பர்வதத்தின் மாவும் அசைய மறுத்தது. கராஜில் வைத்தாள், கல்லாகக் கிடந்தது. ஓவனில் வைக்கலாம் என்றால் அதற்குள் சேனாபதியின் கத்திரிக்காய். யோசித்தவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் கட்டிலின் நடுவில் வைத்து, எலெக்ட்ரிக் கம்பளியைப் போட்டு, அதன் மேல் கனமான பஞ்சு ரஜாயையும் இழுத்துப் போர்த்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சேனாபதி வழக்கம்போல ஒரு தூக்கம் போடலாம் என்று உள்ளே போனார். கட்டிலில் யாரோ சுருண்டு படுத்திருக்கிறார்கள். பெண்டாட்டிதான் என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளிப் படு புள்ள" என்று சொல்லிக்கொண்டே உட்காரப் போனார்.

"ஐயோ, உக்காராதீங்க! உக்காராதீங்க!" என்று பர்வதம் ஹாலிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

அவர் பாதி உட்கார்ந்த நிலையில் நின்றார். ரஜாயைத் தூக்கிப் பார்த்தார். பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே மாவு வெள்ளை வெளேரென்று, தொந்தி மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். கதகதப்பாக இருந்தது.

"அப்ப நான் எங்க படுக்கறது?"

"சோஃபாவுல படுங்க. இன்னும் அரை மணி நேரம்தான். இதை எழுப்பினா பாவமுங்க."

சேனாபதி ஒரு நிமிஷம் மாவைப் பார்த்தார், ஒரு நிமிஷம் மனைவியைப் பார்த்தார். பிறகு தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு, ரஜாயைப் பழையபடி மாவுக்கு இழுத்துப் போர்த்திவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.